ஒரே வரிசையில் உட்காருங்கள்



இப்போதெல்லாம் கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ, ஜொகூர் பாரு என்று எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் ஒருவகை விளம்பரம் கண்ணில் படுகிறது. எண்பதுகளின் பாடல்களைப் பாடப் போகிறோம், வாருங்கள் என்று அது அழைக்கிறது. மலாய்ப் பாடல்களுக்கு ஒரு மேடை, தமிழ்ப் பாடல்களுக்கு ஒரு மேடை, இரண்டையும் கலந்து ஒரு மேடை! அந்த விளம்பரத்தைக் கண்டதும் உங்களில் பலருக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை எழுந்திருக்கும். மறுகணமே, "ஐம்பத்தெட்டு வயதில் கச்சேரியா? பேரப்பிள்ளை எடுத்த பிறகு இதென்ன கூத்து?" என்று உங்கள் வாயை நீங்களே மூடிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் மூடாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் மூடியிருப்பார்கள்.

போங்கள் என்பதுதான் என் கட்சி. ஆனால் யாரோடு போவது, எப்படிப் போவது என்பதில் சில செய்திகள் இருக்கின்றன. சென்ற ஆண்டு நானும் என்னோடு இடைநிலைப்பள்ளியில் படித்த பத்துப் பேரும் கோலாலம்பூரில் அப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போய் வந்தோம். மேடையில் பாடியவர்களைப் பற்றிச் சொல்வதைவிட, நாங்கள் பதினொரு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்த கதையைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். கேளுங்கள்.

எந்தப் பாட்டு நம் பாட்டு?

முதலில் இளம் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவும் அப்பாவும் எண்பதுகளின் பாட்டைக் கேட்டால் ஏன் கண் கலங்குகிறார்கள் என்று நீங்கள் வியந்திருக்கலாம்.

நாங்கள் 1980-ஆம் ஆண்டு புகுமுக வகுப்பில் சேர்ந்தோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்தவர்கள், மலாய்மொழி இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்குப் போகுமுன் ஓராண்டு மலாய் பழகும் வகுப்பு அது. தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழைத் தவிர வேறு மொழி அதிகம் காதில் விழாமல் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்த ஓராண்டு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆற்றில் தள்ளிவிட்டு, நீந்திக் கரையேறு என்றது போல இருந்தது. பாடப்புத்தகத்து மலாய் நாக்கில் ஏற மறுத்தது. பாட்டில் வந்த மலாய் தானாக ஏறிக்கொண்டது!

அதற்கு ஒரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் நாடெங்கும் ஒலித்த மலாய்ப் பாடல்களில் பல, ஆலிகேட்ஸ் குழுவினுடையவை. அந்தக் குழுவின் முன்னணிப் பாடகர்கள் யார்? பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள். குடை விரித்தது போன்ற சுருட்டை முடி, இனிய குரல், தகப்பனார் பெயர் ஆறுமுகம்! ஹாங்காங் வரை போய்ப் பாடிவிட்டு வந்தவர்கள், எம். நாசிர் போன்றோர் இசையமைத்த மலாய்ப் பாடல்களால் எல்லா இனத்தவர் வீட்டுக்குள்ளும் நுழைந்தார்கள். 'செனியும்லா கோலாலம்பூர்' என்ற அவர்கள் பாட்டைத் தெரியாத மலேசியர் அந்த நாளில் உண்டா? ஆறுமுகத்தின் பிள்ளைகள் இந்த மொழியில் பாடி ஊரையே மயக்க முடியுமென்றால், நம்மால் ஒரு கட்டுரை எழுத முடியாதா என்று எங்கள் வகுப்பில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

இன்னொரு பக்கம் சுடிர்மான். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் கோலாலம்பூர் சௌகிட்டில் நடுச்சாலையில் மேடை போட்டு அவர் பாடியபோது ஒரு லட்சம் பேர் திரண்டதாக இன்றும் பேசிக்கொள்கிறார்கள். தோட்டப்புறங்களில் இருந்து பஸ் ஏறிப் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

வீட்டுக்குள்ளோ, மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதி. பின்னாளில் வானொலி ஆறு என்றும், 2005 முதல் மின்னல் எப்.எம். என்றும் பெயர் பெற்றது அதுதான். 1976-இல் 'அன்னக்கிளி' வழியாக வந்த இளையராஜாவின் இசை எண்பதுகளில் எங்கள் லயங்களில் காலையும் மாலையும் குடியிருந்தது. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடினால் பெண்கள் பாத்திரம் துலக்குவதை நிறுத்துவார்கள். மலேசியா வாசுதேவன் பாடினால், "நம்ம ஊர்க்காரர்!" என்று ஆண்கள் மார் தட்டுவார்கள். இந்த மண்ணில் பிறந்து தமிழகம் சென்று பெயரோடு நாட்டின் பெயரையும் சேர்த்துக்கொண்ட மனிதர் அல்லவா!

இவற்றையெல்லாம் கட்டி வைக்க ஒரே கருவி, கேசட். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர் நாடா. ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டுத்தான் கொள்ளும். ஆகையால் எந்தப் பாட்டைப் பதிவது, எதை விடுவது என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடக்கும். பட்டணத்துக் கடையில் பட்டியலைக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். ஒருவர் காசில் பதிந்த கேசட், வகுப்பு முழுவதும் சுற்றி வரும். நாடா வெளியே வந்துவிட்டால் பென்சிலை நுழைத்துச் சுற்ற வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி மலாய்ப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். மலாயில் பூவுக்கு 'பூங்ஙா' என்று பெயர் அல்லவா? அவள் அதைப் 'பூங்கா' என்று எழுதியிருந்தாள். அவள் நோட்டைப் பார்த்துப் பாடிய நாங்கள், காதலன் காதலிக்கு ஒரு பூங்காவையே பறித்துக் கொடுக்கிறான் என்று சிரிப்போம். அந்த நோட்டுக்குச் சொந்தக்காரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் சொல்லப் போகிறேன்.

சிதறியவர்கள்

எங்கள் வகுப்பில் மொத்தம் 36 பேர். பெரும்பாலோர் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள். அந்தத் தோட்டங்களில் பால்மரங்கள் இன்று இல்லை. எண்பதுகளின் இறுதி வரை உலகிலேயே அதிக ரப்பர் விளைவித்த நாடு நம் நாடு. அதன்பின் மரங்கள் சாய்ந்தன, செம்பனை நின்றது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயம் உடைந்தபோது மக்களும் சிதறினார்கள். யார் எந்த அடுக்குமாடிக்குப் போனார், யார் எந்த மாநிலத்துக்குப் போனார் என்பது தெரியாமலே இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுத்துப் பழக்கிய பிறகுதான் நாங்கள் ஒருவரையொருவர் தேடத் தொடங்கினோம். புலனத்தில் ஒரு குழு அமைந்தது. நால்வர் இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. இருபத்து மூன்று பேர் கிடைத்தார்கள். ஒன்பது பேரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கிடைத்தவர்களில் எத்தனை வகை! ஒருவர் வழக்கறிஞர். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. இருவர் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்தவர்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறார். எங்கள் வகுப்பு மானிட்டர் கிள்ளானில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். நோட்டுப் புத்தகத் தோழி ஒரு பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுகிறாள். ஒரே பெஞ்சில் நான்கு பேராக நெருங்கி உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். வாழ்க்கை எங்களை வெவ்வேறு வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது.

சீட்டின் விலை

நிகழ்ச்சி விளம்பரம் குழுவில் வந்த அன்று ஒரே ஆரவாரம். சீட்டு மூன்று விலை. மேடைக்கு அருகில் 388 வெள்ளி, நடுவில் 248 வெள்ளி, மாடியில் 98 வெள்ளி. "போவதே ஒரு தடவை, முன்னாலேயே உட்காருவோம்!" என்று ஒருவர் எழுதினார். பலர் கைதட்டும் படம் போட்டார்கள். பதினாறு பேர் வருவதாகச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குறையத் தொடங்கினார்கள். ஒருவருக்கு அன்று உறவினர் திருமணம், ஒருவருக்கு மகன் வெளியூரில் இருந்து வருகிறான். நோட்டுப் புத்தகத் தோழியோ, "முழங்கால் வலி, என்னால் உட்கார முடியாது" என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

வாசகர்களே, இங்கே ஒரு கணக்குப் போடுவோம். நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. மாதத்தில் 26 நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. 388 வெள்ளி என்பது ஆறு நாள் கூலி! வழக்கறிஞருக்கு அது ஒரு நல்ல சாப்பாட்டின் விலை. பாத்திரம் கழுவுகிறவளுக்கு ஒரு வாரத்து வியர்வை. இரண்டு பேரும் ஒரே குழுவில் இருக்கும்போது, "முன்னாலேயே உட்காருவோம்" என்ற சொல் ஒருத்தியின் காதில், "நீ வராதே" என்று விழுகிறது. சொன்னவருக்கு அந்த எண்ணம் கொஞ்சமும் இருந்திருக்காது. ஆனாலும் அப்படித்தான் விழுகிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாற்பது ஆண்டு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர் அல்லவா? வழக்கறிஞரிடம் தனியாகச் சொன்னார். அவரும் நல்ல மனிதர். "அதற்கென்ன, அவளுக்கும் சேர்த்து நான் கட்டிவிடுகிறேன்" என்றார். இதைக் கேட்ட மானிட்டர் ஒரு பதில் சொன்னார். இன்றும் என் காதில் நிற்கிறது.

"நீ கட்டினால் இந்தத் தடவை வருவாள். அடுத்த தடவை நாம் கூப்பிட்டால் போனையே எடுக்க மாட்டாள். அவளுக்குச் சீட்டு வேண்டாம்ப்பா, இடம் வேண்டும்."

பிறகு மானிட்டரே குழுவில் எழுதினார்: "எல்லாரும் மாடி. 98 வெள்ளி. இப்போதைக்கு நான் வாங்கிப் போடுகிறேன். மாதம் 30 வெள்ளி வீதம் ஐந்து மாதம் என்னிடம் கட்டுங்கள். சீட்டு, வேன், டோல், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும். வழக்கறிஞர் ஐயாவும் முப்பது வெள்ளிதான். ஒரு காசு கூடக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்!"

இதில் ஏழை பணக்காரன் என்ற பேச்சே இல்லை பாருங்கள். யாருக்கும் தருமம் செய்யவில்லை, யாரையும் தலைகுனிய வைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் நோட்டுப் புத்தகத் தோழியிடம் இருந்து பதில் வந்தது: "முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வருகிறேன்." மாடிச் சீட்டுக்கு அறுபது எழுபது படி ஏற வேண்டியிருந்தது. எங்கள் எல்லாருக்கும் முன்னால் ஏறிப் போனவள் அவள்தான்!

வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுதல்

பெண்கள் புறப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை என் வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தோழியின் வீட்டுக்காரர், "ராத்திரிச் சோற்றுக்கு என்ன வழி?" என்று கேட்டாராம். ஆக்கி மேசையில் மூடி வைத்துவிட்டு வந்தாள். இன்னொருத்தியின் மகன், "யாரோடு போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று கேட்டானாம். "பதினாறு வயதில் என் அப்பா கேட்ட அதே கேள்வி" என்று அவள் சொன்னபோது வேனே அதிரும்படி சிரித்தோம்.

கோலசிலாங்கூரில் ஆறு பேரோடு புறப்பட்ட வேன், காப்பாரிலும் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் நின்று மற்றவர்களை ஏற்றிக்கொண்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவரைப் பார்த்து, "ஐயோ, நீயா!" என்று ஒரு கூச்சல். முடி போனவர், பல் போனவர், எடை கூடியவர். ஆனால் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும் பழைய ஆள் வெளியே வந்துவிடுகிறான்.

நிகழ்ச்சி எப்படி? நன்றாகத்தான் இருந்தது. மண்டபத்தில் குளிர் அதிகம். பெண்கள் கழிப்பறையில் வரிசை அதைவிட அதிகம். புதிய பாடகர்கள் பழைய பாடல்களைப் பாடினார்கள். ஆலிகேட்ஸ் பாடல்கள் வந்தபோது, 2007-இல் புற்றுநோயால் மறைந்த லோகநாதனின் முகத்தைத் திரையில் காட்டினார்கள். 1992-இல், முப்பத்தேழே வயதில் போய்ச் சேர்ந்த சுடிர்மானைக் காட்டினார்கள். தமிழ்ப் பாடல் பகுதியில் 2011-இல் மறைந்த மலேசியா வாசுதேவனும், 2020-இல் நம்மை விட்டுப் போன பாலசுப்பிரமணியமும் வந்தார்கள். அந்த முகங்கள் மாறி மாறி வந்தபோது மண்டபமே எழுந்து நின்றது.

நாங்கள் பதினொரு பேரும் ஒரே வரிசையில் நின்று பாடினோம். வார்த்தை மறந்த இடத்தில் எல்லாரும் நோட்டுப் புத்தகத் தோழியின் வாயைப் பார்த்தோம். அவளுக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

மனநூல் அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். மனிதர் முதுமையில் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே மிகுதியாக வருகின்றனவாம். முதல் நட்பு, முதல் சம்பளம், முதல் பிரிவு எல்லாம் அந்த வயதில்தானே நேர்கின்றன? அந்த நேரத்தில் காதில் விழுந்த பாட்டு அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. பாட்டை இழுத்தால் அவையும் கூடவே வந்துவிடுகின்றன.

ஆனால் எல்லாருக்கும் ஒரே நினைவுதான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

திரும்பும் வழியில்

ஒரு பாட்டின்போது நோட்டுப் புத்தகத் தோழி அழுதுகொண்டிருந்தாள். பழைய மகிழ்ச்சி என்று நாங்கள் எண்ணி அவள் தோளைத் தட்டினோம். நள்ளிரவில் வேன் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒருவர், "என்ன காலம் அது! பொற்காலம்!" என்றார். அப்போதுதான் அவள் பேசினாள்.

"உங்களுக்கு அது பள்ளிக்கூடப் பாட்டு. எனக்கு அது பால் வெட்டின பாட்டு."

வேன் அமைதியாகிவிட்டது. 1983-இல் எஸ்.ஆர்.பி. தேர்வில் அவள் நல்ல தேர்ச்சி பெற்றவள். மறு ஆண்டு நான்காம் படிவத்தில் மூன்று மாதம் எங்களோடு இருந்தாள். அவள் அப்பா மரத்தடியில் விழுந்து கால் முறிந்தது. ஐந்து பிள்ளைகளில் இவள் மூத்தவள். அதன்பின் அவள் பள்ளிக்கு வரவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றாள். அவளை அழ வைத்த அந்தப் பாட்டை, பால் நிறுக்கும் இடத்தில் யாரோ வைத்திருந்த சின்ன வானொலியில் முதன்முதலாகக் கேட்டாளாம். வாளியைத் தலையில் வைத்துக்கொண்டே முழுப்பாட்டையும் நின்று கேட்டதாகச் சொன்னாள்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "நான் வராமல் போனதும் என் பேரை வகுப்பில் கூப்பிட்டார்களா? இல்லை, உடனே அடித்துவிட்டார்களா?"

நாற்பது ஆண்டாக அந்தக் கேள்வியை அவள் சுமந்திருக்கிறாள்! மானிட்டர் முன் இருக்கையில் இருந்து திரும்பினார். "கூப்பிட்டார்கள். தவணை விடுமுறை வரைக்கும் தினமும் கூப்பிட்டார். பேரேட்டில் நான்தானே எழுதுவேன்? ஒரு நாள் வாத்தியார் கடிதம் எழுதிக் கொடுத்து என்னை உங்கள் லயத்துக்கு அனுப்பினார். கட்டணத்துக்கு ஏதாவது வழி செய்கிறேன், பிள்ளையை அனுப்புங்கள் என்றுதான் எழுதியிருந்தார். நீ வெட்டுக்காட்டில் இருந்தாய். உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, விஷயத்தையும் சொல்லிவிட்டு வந்தேன்."

"அம்மா சொல்லவே இல்லையே" என்றாள் அவள்.

அந்த அம்மா இன்று இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் மகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அழுதிருப்பாள். அவள் போயிருந்தால் அந்த வீட்டில் ஏழு வயிறு எப்படி நிறைந்திருக்கும்? கடிதத்தை மடித்து எங்கோ செருகி வைத்துவிட்டு, அந்தத் தாய் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தாரோ!

காப்பார் வரும் வரை தோழி சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது மானிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள். "அப்படியென்றால், என்னைத் தேடியிருக்கிறார்கள்."

இனி உங்களுக்கு

அன்பர்களே, இந்தப் பாடல்கள் எல்லாம் இன்று கைப்பேசியில் கிடைக்கின்றன. மேடைப் பாடகரைவிட மூலக்குரலே அதில் கிடைக்கும், செலவும் இல்லை. ஆனால் அந்தக் கடிதச் செய்தி எந்தக் கைப்பேசியில் கிடைக்கும்? அதை அறிந்தவர் உலகில் ஒரே ஒருவர். கிள்ளானில் கார் பட்டறையில் கையில் எண்ணெய்க் கறையோடு இருந்தார். அவர் அருகில் இவள் ஒரு மாலைப் பொழுது உட்காராமல் இருந்திருந்தால், அந்தச் செய்தி அவரோடே போயிருக்கும். நம் இளமைக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் நம்மோடு படித்தவர்கள்தான். பெற்றோர் போய்விட்டார்கள், லயம் போய்விட்டது, தோட்டமே போய்விட்டது. மிஞ்சியிருப்பது இந்தச் சாட்சிகள் மட்டுமே.

ஆகவே, பழைய தோழர்களோடு இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போக நீங்கள் எண்ணினால், நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

சீட்டு வாங்குவதற்கு முன், உங்கள் குழுவில் மிகவும் சிரமப்படுகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவரால் எதைக் கொடுக்க முடியுமோ, அதுவே எல்லாருக்கும் விலை. நான்கைந்து மாதத்துக்கு முன்பே திட்டமிட்டு, சிறுகச் சிறுகக் கட்டும்படி செய்யுங்கள். வண்டியும் சாப்பாடும் அதிலேயே அடங்கட்டும். இல்லாவிட்டால் சீட்டு வாங்கியவர் டோலுக்கும் சாப்பாட்டுக்கும் தவிப்பார்.

வரவில்லை என்று சொல்பவரைக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் வற்புறுத்தாதீர்கள். அவரோடு நெருங்கியவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டும். முழங்கால் வலி என்றால் அது முழங்கால் வலியாகவும் இருக்கலாம், வேறு வலியாகவும் இருக்கலாம்.

ஒலிபெருக்கிக்கு மிக அருகில் இடம் பிடிக்காதீர்கள். நம் வயதில் காது ஒருமுறை கெட்டால் திரும்பாது. மாடிதான் காதுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது!

"பொற்காலம்" என்று சொல்வதற்கு முன் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். உங்களுக்குப் பொன்னாக இருந்த ஆண்டு அவருக்கு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அம்மாவின் பிறந்தநாளுக்குச் சீட்டு வாங்கி, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து அழைத்துப் போவது நல்ல காரியந்தான். ஆனால் அவர் தம் தோழிகளோடு போக விரும்பினால் அனுப்பிவையுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவர் அம்மாவாகத்தான் இருப்பார். வகுப்புத் தோழிகள் பக்கத்தில் இருந்தால்தான், "வாடி, போடி" என்று கூப்பிடப்படுவார். அப்படிக் கூப்பிட இன்னும் எத்தனை பேர் மிச்சம்? கணவன்மாரே, உங்களுக்கும் அதுதான். ஒரு வேளைச் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுவதால் யாரும் இளைத்துப் போவதில்லை.

எங்கள் குழுவில் இப்போது மாதம் பத்து வெள்ளி எடுத்து வைக்கிறோம். அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று தெரியாது. நிகழ்ச்சியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோலசிலாங்கூர் ஆற்றோரக் கடையில் மீன் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று தீர்மானம். கிடைக்காத ஒன்பது பேரைத் தேடும் பொறுப்பை நோட்டுப் புத்தகத் தோழி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். இதுவரை இருவரைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒருவர் தங்காக்கில், இன்னொருவர் சுங்கைப் பட்டாணியில்!

நீங்களும் இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியை எடுங்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பாதியில் பள்ளிக்கு வராமல் போன ஒருவரின் பெயரை நினைத்துப் பாருங்கள். யாரிடம் கேட்டால் அவர் எண் கிடைக்கும் என்று யோசியுங்கள். கிடைத்ததும் பேசுங்கள். வகுப்பில் உன்னைத் தேடினோம் என்று சொல்லுங்கள்.